திருப்பதி நகரச் செலவில் யார் பங்கு?

யாத்திரிகர் பெருகுந்தோறும் நகரத்தின் செலவும் பெருகும். வீட்டுவரி செலுத்துவோரோ ஊரார் மட்டுமே. சித்தூர்ப் பகுதித் தமிழர் நன்கறிந்த திருப்பதியில் இச்சிக்கலை இருமுறை தீர்க்க முயன்றனர்.

2023 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட சீனிவாச சேது மேம்பாலத்தின் செலவில் பெரும்பங்கைத் தேவஸ்தானமும், எஞ்சியதைச் சீர்மிகு நகரக் கழகமும் ஏற்றன. பாலம் யாத்திரிகருக்கும் வழியன்றோ! ஆனால் அவ்வாண்டு அக்டோபரில், ஆண்டு வரவுசெலவில் 1 விழுக்காட்டை நகர வளர்ச்சிக்கு ஒதுக்கத் தேவஸ்தானம் தீர்மானித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசு இசையவில்லை. காணிக்கை சமயப் பணிக்கே உரியது என்பது எதிர்த்தோர் வாதம்.

அவ்வாறாயின், யாத்திரிகரால் வாழும் விடுதியாரும் கடைக்காரரும் பங்கேற்கலாகாதா? கனடாவின் டொரொண்டோ நகரில் 1970-இல் ஒரு கடைத்தெரு வணிகர் தமக்குத் தாமே கூடுதல் வரி விதித்துக்கொண்டனர். மாநகராட்சி அதனைத் திரட்டித் தெருவின் மேம்பாட்டிற்கென வணிகர் அமைப்பிடமே அளித்தது. கொடுத்தவரே செலவையும் கண்காணித்தனர்.

பயன் பெறுவோர் பங்கு தருவதும், அப்பங்கின் நோக்கமும் கணக்கும் ஊரறிய இருப்பதுமே இத்தகைய கூட்டுறவுக்கு அடிப்படை.