சிப்பிப்பாறையா, கன்னியா, முதோலா? வேட்டை நாய் வாங்கும் முன் அறிய வேண்டியவை

மோப்பத்தை நம்பாமல், கண்ணால் கண்ட இரையை ஓடிப் பிடிக்கும் நாய்களின் உடலமைப்பு உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: நீண்டு ஒடுங்கிய முகம், ஆழமான மார்பு, உள்ளே ஒட்டிய வயிறு, ஓடும்போது வில்லாக வளைந்து நிமிரும் முதுகு. கிரேஹவுண்டு, சலூக்கி, போர்சோய் ஆகியவை வெளிநாட்டு உதாரணங்கள். இந்தியாவில் சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்தின் முதோல், மராட்டிய நாட்டின் பஷ்மி, உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நாய் ஆகியவை இந்த வகை. ராஜபாளையத்தையும் பலர் இதே வரிசையில் சேர்ப்பதுண்டு. ஆனால் அதன் உடல் கட்டு கனமானது. காவலும் காட்டுப்பன்றி வேட்டையும் அதன் பழைய தொழில்.

அண்மைக் காலம் வரை தமிழ்நாட்டின் வேட்டை நாய்களைத் தென்மாவட்டக் கிராமங்களுக்கு வெளியே பார்ப்பதே அரிது. 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் வரும் கருப்பி என்ற நாய் பலருக்கு இவற்றை அறிமுகப்படுத்தினாள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் முதோல், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்ன பிறகு நாடு முழுவதும் தேவை கூடியது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் நாயினங்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றும் முதலில் இடம்பெற்றன. பெருமை கூடியதோடு வியாபாரமும் பெருகியது. நாயை அறியாதவர்களும் குட்டி விற்க வந்துவிட்டார்கள். வாங்குவோருக்கு ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரின் பெயரைத் தாங்கிய சிப்பிப்பாறை பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும்: செவலை, சாம்பல், வெள்ளி கலந்த பழுப்பு. கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரங்களில் பேர் பெற்ற கன்னி கருமை நிறம். கால்களிலும் முகத்திலும் மார்பிலும் செம்பழுப்புக் குறிகள் இருக்கும். வெளிர் நிறத்ததைப் பால்கன்னி என்பார்கள். இரண்டும் தனித்தனி இனமா, ஒன்றின் இரு நிறங்களா என்று வளர்ப்போரிடையே இன்னும் வாதம் உண்டு. வீட்டில் வளர்க்க நினைப்பவருக்கு அந்த வாதம் முக்கியமல்ல. குணத்தில் இரண்டும் நெருங்கியவை, வீட்டாரோடு ஒட்டும், அந்நியரிடம் ஒதுங்கும். முதோல் இவற்றைவிடச் சற்று உயரம். முதோல் அரச குடும்பத்தார் வளர்த்தெடுத்த இந்த இனத்துக்கு அவ்வூருக்கு அருகே திம்மாபூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமே இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து முதோல் வாங்க விரும்புவோர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது. இணைய விளம்பரம் அல்ல. ராம்பூர் நாய் அதன் சொந்த ஊரிலேயே அருகிவிட்டது. தெற்கில் ‘அசல் ராம்பூர்’ என்று விற்கப்படுவதைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. போர்சோய், ஆப்கன் போன்ற நீண்ட முடி நாய்களுக்குச் சென்னை வெயில் தண்டனை.

இனத்தைத் தேர்வதைவிடத் தாயையும் தகப்பனையும் பார்ப்பது பெரிய வேலை. வேகத்துக்காகக் கிரேஹவுண்டு கலந்தவை, உடல் பருமனுக்காக வெளிநாட்டுக் கனத்த இனம் கலந்தவை எல்லாம் ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் சந்தையில் இருக்கின்றன. எட்டு வாரக் குட்டியைப் பார்த்துக் கலப்பைச் சொல்லத் தேர்ந்த கண்ணுக்கும் கடினம். தாய் நாயைக் கண்ணால் காட்டாத விற்பனையாளர் என்ன காரணம் சொன்னாலும் அதை ஏற்க வேண்டியதில்லை. தாய் மிரண்டு ஒடுங்கினால் குட்டியும் அப்படி வளர வாய்ப்பு அதிகம். இந்த வகை நாய்களில் கூச்சம் இயல்பு என்றாலும் மிரட்சி இயல்பல்ல. ராஜபாளையம் வாங்குவோர் ஒன்றைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். முழு வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. கூட்டத்தில் இருக்கும் செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்தே நடந்துகொள்வதால் குறை தெரியாது. குட்டியைத் தனியே பிரித்து, அது பார்க்காதபோது பின்னால் இருந்து ஒலி எழுப்பிப் பார்க்க வேண்டும்.

வாங்குபவர் கையில் ஒரு நல்ல சட்டக் கருவி இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி, குட்டி ஈன வைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப் பொருத்தி, தடுப்பூசி போட்டே விற்க வேண்டும். பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகுமுன் இனச்சேர்க்கை கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்து, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. தகப்பனும் மகளும், தாயும் மகனும், உடன்பிறந்தவையும் சேர்வதற்கும் தடை உண்டு. நிறத்தைக் காப்பாற்றுவதற்காகச் சிறு வட்டத்துக்குள்ளேயே இனம் சேர்க்கப்பட்டு வந்த நாட்டு இனங்களுக்கு இந்த விதி மிகத் தேவையானது. கடையில் வாங்கினால் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் பொருந்தும். கடைக்கும் வாரியத்தின் பதிவு வேண்டும்.

ஆகவே பணம் கைமாறும் முன் பதிவு எண், மைக்ரோசிப் எண், தடுப்பூசி அட்டை, தேதியிட்ட ரசீது ஆகியவற்றைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் ‘பேப்பர்’ இருந்தால் பெற்றோர் யார் என்று தெரியும். ஆனால் அது உடல்நலச் சான்று அல்ல. அரசுப் பதிவுக்கும் மாற்று அல்ல. கிராமத்தில் ஒரு விவசாயி தம் நாய் போட்ட குட்டியைத் தருகிறார் என்றால் இவ்வளவு காகிதம் இருக்காது என்பது உண்மைதான். அங்கேயும் தாயைப் பார்க்கலாம், நாளைக் குறித்துக்கொள்ளலாம், பணம் கொடுத்ததை எழுதி வாங்கலாம்.

மோசடியில் வழக்கமானது, படத்தைக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, பிறகு வண்டி வாடகை, ஊசிச் செலவு என்று மேலும் மேலும் கேட்பது. இப்படி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு குறையும். உண்மையிலேயே குட்டி அனுப்பப்படும்போதும் ஆபத்து உண்டு. ஆம்னி பேருந்தின் சாமான் அறையில் அட்டைப்பெட்டிக்குள் வரும் குட்டி மூச்சுத் திணறியோ வெப்பம் தாங்காமலோ இறக்கலாம். நேரில் போய் வாங்கி வருவதற்கு மாற்றில்லை.

வாங்கிய சில நாட்களிலேயே குட்டி வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இறப்பது அடிக்கடி எழும் புகார். பார்வோ வைரஸ் தொற்றினால் நோய் வெளிப்படப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். எனவே வந்த மறுநாளே படுத்த குட்டிக்கு நோய் விற்றவர் இடத்திலேயே தொற்றியிருக்க வேண்டும். இதை நிரூபிக்க வாங்கிய அன்றோ அடுத்த நாளோ கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பெற்ற குறிப்பு, பார்வோ பரிசோதனை முடிவு, இறந்துவிட்டால் அரசுக் கால்நடை மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை தேவை. புதைத்துவிட்டு வழக்குப் போட்டால் கையில் எதுவும் இருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பதிவில்லாத விற்பனை பற்றி மாநில விலங்குகள் நல வாரியத்துக்கு எழுதலாம். நுகர்வோர் வழக்கு பணத்தை மீட்க உதவும். வாரியப் புகார் அடுத்த ஈத்தைக் காக்கும். இரண்டையும் செய்வது நல்லது.

வீட்டுக்கு வந்த பின் மிகப் பெரிய ஆபத்து நோய் அல்ல, ஓட்டம். அசைவதைக் கண்டால் துரத்துவது இவற்றின் இரத்தத்தில் உள்ள பழக்கம். துரத்தத் தொடங்கிய பிறகு கூப்பிடும் குரல் காதில் ஏறாது. சாலை, வண்டி எதுவும் கண்ணில் படாது. மதில் இல்லாத இடத்தில் பட்டையை அவிழ்த்துவிடக் கூடாது. தலை கழுத்தைவிடப் பெரிதில்லாததால் சாதாரணப் பட்டை எளிதாக உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டையோ மார்பு வாரோ வேண்டும். வீட்டில் பூனை, கோழி, முயல் இருந்தால் இந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

துரத்தலுக்குச் சட்ட முகமும் உண்டு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 ‘வேட்டை’ என்பதில் விலங்கை விரட்டுவதையும் சேர்த்திருக்கிறது. நாயை ஏவி முயலையோ உடும்பையோ பிடிப்பது மரபு என்று சொல்லித் தப்ப முடியாது. அதைப் படம் பிடித்து வெளியிடுபவர் தமக்கெதிரான சாட்சியைத் தாமே தயாரித்துக் கொடுக்கிறார். நாய் பிறரைக் கடிக்கும் அளவுக்கு அலட்சியமாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

இதற்கு அஞ்சி நாள் முழுதும் கட்டிப்போடுவதும் குற்றமே. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடத்தி ஓட்டாமல் விடுவதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தனியே பெயர் சொல்லித் தடுக்கிறது. அதற்கான முதல் குற்ற அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது அந்தச் சட்டத்தின் பழைய அவமானம்.

உடல்நலத்தில் கவனிக்க வேண்டியவை சில. கடைசி விலா எலும்புகள் தெரிவது இந்த நாய்களுக்கு இயல்பு. ‘சோறே போடுவதில்லையா’ என்று பக்கத்து வீட்டார் கேட்பதற்காகக் கொழுக்க வைத்தால் மூட்டு கெடும். தோல் மெல்லியது, முள்கம்பியில் எளிதில் கிழியும். ஆழ்ந்த மார்பு கொண்ட நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு முட்டத் தின்ற கையோடு ஓடவிடக் கூடாது. உடலில் கொழுப்பு குறைவு என்பதால் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து கொடுத்தால் மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகலாம். கிரேஹவுண்டில் நன்கு அறியப்பட்ட இந்த ஆபத்தை, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு முன் மருத்துவரிடம் நினைவுபடுத்துவது தவறில்லை. உண்ணிக் காய்ச்சல் நாட்டு நாய்க்கு வராது என்பது வெறும் நம்பிக்கை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ப்போருக்கு இன்னொரு சிக்கல் வருவதுண்டு. நாய் வளர்ப்பதையோ மின்தூக்கியில் ஏற்றுவதையோ சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட ‘ஆபத்தான 23 இனங்கள்’ பட்டியலைச் சிலர் காட்டுவார்கள். அதில் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், முதோல் எதுவும் இல்லை. அந்தச் சுற்றறிக்கையையே அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபுறம், கழிவை அள்ளுவதும், பொது இடத்தில் கயிறு பிடிப்பதும், ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி போடுவதும், சென்னை போன்ற மாநகராட்சிகளில் உரிமம் எடுப்பதும் வளர்ப்போரின் கடமை.

ஆறாம் மாதத்தில் குட்டி குதிரைபோல் உயர்ந்து பாய்வதைக் கண்டு திகைத்துத் தெருவில் விடுபவர்கள் உண்டு. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். அப்படி விடப்பட்டு மீட்கப்பட்ட வளர்ந்த நாய்களின் குணம், உடல்நிலை, செவி எல்லாம் முன்பே தெரிந்திருக்கும். முதன்முதலாக வேட்டை நாய் வளர்க்க நினைக்கும் நகரவாசிக்கு, குட்டி வாங்குவதைவிட அவற்றில் ஒன்றைத் தத்தெடுப்பதே பொருத்தம்.