காயுமுன் ஒரு கை

முதுகுளத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் தங்கை மகள், தேநீர் டம்ளரை நீட்டியபடியே கேட்டாள்: “ஒரு நாளைக்கு மூணு தடவை பெருக்குறேன் பெரியம்மா. சாயங்காலம் பாத்தா மறுபடியும் காலு நறநறங்குது. நான் என்ன தப்பு செய்றேன்?”

கோயம்புத்தூரில் வளர்ந்த பிள்ளை. அவள் கையில் குறையில்லை. அங்கே போதுமாயிருந்த முறை இந்த ஊருக்குப் போதாது. “உக்காரு தாயி, மொதல்ல டீயக் குடி” என்றேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் பிசினாகக் காலில் ஒட்டும். கோடையில் வெடித்துப் பொடியாகும். ஆடிக் காற்று அந்தப் பொடியை வாரி வீடு வீடாகக் கொண்டுவந்து போடும். தையிலிருந்து சித்திரை வரை குண்டு மிளகாய் களத்தில் காயும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய்தான். அந்தச் சாக்கு வீட்டுக்குள் வந்தால் நெடியும் பொடியும் கூடவே வரும். ஆக, நம் வீட்டு அழுக்கில் பெரும்பங்கு வெளியே இருந்து வருவது. உள்ளே வந்ததை மூன்று தடவை வாருவதைவிட, வரும் வழியில் நிறுத்துவது சுலபம்.

பழைய வீடுகளில் அதற்கு ஏற்பாடு இருந்தது. திண்ணையோரம் வாளியில் தண்ணீர் இருக்கும். கால் கழுவித்தான் உள்ளே வர முடியும். விடியலில் தெளிக்கும் வாசல் ஈரம், புழுதியைக் கிளம்பவிடாமல் பிடித்து வைக்கும். இன்றைய கான்கிரீட் வீட்டில் தெருவிலிருந்து ஒரே எட்டில் ஹாலுக்குள் வந்துவிடுகிறோம். அந்தத் திண்ணையின் வேலையை இரண்டு மிதியடிகள் செய்யும். வெளியே முரட்டுத் தென்னை நார் மிதியடி, மண்ணைச் சுரண்டிவிடும். உள்ளே பழைய துணியோ சாக்கோ, மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். செருப்பு வாசலைத் தாண்டக் கூடாது. ஆடியில் காற்று மேற்கும் தென்மேற்குமாக அடிக்கும். அந்தப் பக்கத்துச் சன்னலைக் காற்று வீசும் நேரத்தில் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தால் போதும்.

அடுத்தது பெருக்கும் வரிசை. அவள் காலையில் டிவி, மேசை, அலமாரி எல்லாம் துடைத்துவிட்டுப் பிறகு பெருக்குகிறாள். அங்கேதான் நேரம் போகிறது. காய்ந்த விளக்குமாறு கனமான மண்ணைத் தள்ளும், நுண்ணிய தூசியை மேலே கிளப்பும். அந்தத் தூசி உடனே இறங்காது. மிக நுண்ணியது மணிக்கணக்கில் மிதக்கும். துடைத்த மேசைமேலேயே திரும்ப வந்து உட்காரும். அதனால் காற்றாடியை நிறுத்திவிட்டு முதலில் பெருக்கு. அரைமணி நேரம் சமையலைப் பார். அதற்குப் பிறகு ஈரத்துணியால் துடை. மிளகாய்ச் சாக்கு இருந்த இடத்தில் விளக்குமாறே போடாதே, ஈரத்துணி மட்டும்தான். இல்லையென்றால் வீடே தும்மும். காற்றாடி இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கீழே சிந்தாது. அதையும் பெருக்குவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வந்தபோது அவள் பெருமூச்சு விட்டாள். இந்த மாவட்டத்தில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவது அன்றாடக் காட்சி. நல்ல தண்ணீர் குடிக்க. தரைக்குப் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் காய்ந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளைப் பூச்சாகத் தங்கிவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தரையைப் பிசுபிசுக்க வைக்கும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். நிறையத் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் நிறைய உப்பைத்தான் விட்டுப் போகிறோம். துணியை நன்றாகப் பிழிந்து துடை. குழாயையும் கண்ணாடியையும் குளித்து முடித்ததும், ஈரம் காயுமுன், ஒரு உலர் துணியால் வழித்துவிடு. அரை நிமிட வேலை. மாதக்கணக்கில் விட்டால் அது கல்லாகிவிடும்.

கல்லாகியே போயிருந்தால் தேய்த்துத் தோளை நோகடிக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறிலோ வினிகரிலோ நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரைமணி விட்டால், புளிப்பு சுண்ணாம்பைக் கரைத்துவிடும். மார்பிள், மொசைக் தரைக்கு மட்டும் இது ஆகாது. அந்தக் கல்லையே அரித்துவிடும்.

இந்த ஊறவைக்கும் சூட்சுமத்துக்கு ஒரு படமே உண்டு. ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் அதை வகுத்தார். சுத்தம் என்பது மருந்து, தேய்ப்பு, சூடு, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்த வட்டம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். இதில் நேரம் என்பது நாம் நின்று தேய்க்கும் நேரமல்ல, அழுக்கு ஊறும் நேரம். அடிப்பிடித்த பால் சட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு நகரும் எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். கழிவறைக்கும் அதே கதைதான். மருந்தை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிடு, பிறகு பிரஷ்ஷை எடு. ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது: பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதே. குளோரின் வாயு கிளம்பும், அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டையும் கலப்பவர்களை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

“தினமும் துடைக்கணுமா, ஞாயித்துக்கிழமை மொத்தமா செஞ்சா ஆகாதா?” என்று கேட்டாள். மேற்கே கமுதியைக் காட்டினேன். அங்கே 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில், சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பலகைகள். இதே புழுதி அவற்றின்மேலும் படியும், படிந்தால் மின்சாரம் குறையும். அவற்றைத் துடைக்க ரோபோக்களை வைத்திருக்கிறார்கள். தினசரி வேலையாகவே அது நடக்கிறது. மெல்லிய தூசி ஒரு இழுப்பில் போகும். பனி ஈரம் பட்டுத் திட்டாகக் காய்ந்துவிட்டால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டிலும் அப்படியே: அடுப்பு மேடை, குழாய், வாசற்படி இந்த மூன்றுக்கும் தினமும் ஒரு கை. சன்னல் கம்பி, பரண் எல்லாம் மாதம் ஒருமுறை போதும். எல்லா இடத்தையும் எல்லா நாளும் துடைக்க வேண்டியதில்லை.

அவளிடம் கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன், உள்ளறையில் இருந்த மாப்பிள்ளை காதிலும் விழட்டும் என்று. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! எந்த மருந்தும் எந்த மிதியடியும் இதைச் சரிக்கட்டாது. வெளியே போய் வருகிற ஒவ்வொருவரும் தன் மண்ணை வாசலில் விட்டு வர வேண்டும், தான் குளித்த குழாயைத் தானே துடைக்க வேண்டும்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். “சொல்லுங்கத்தே, எந்த மிதியடி வாங்கணும்?” என்றார். பஜாரில் தென்னை நாரில் நல்ல கனமானதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன்.