தானே பூட்டிக்கொள்ளும் பின் அச்சு: நாள்தோறும் ஓடும் மலை ஜீப்புக்கு ஏற்றதா?

விளைந்த பொருளைச் சேதமின்றிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது, விளைவிப்பதற்குக் குறைந்த வேலையன்று. சமவெளியில் வாழும் அங்கத்தினர்களுக்கு லாரியும் டிராக்டரும் இதற்குப் போதும். மலைப் பகுதியில் வாழ்வோருக்கு ஜீப்பே துணை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். மிளகும் காப்பியும் வாழையும் அன்னாசியும் விளையும் அம்மலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அது தார்ச்சாலைதான். ஆனால் சாலையை விட்டிறங்கித் தோட்டத்துக்குப் போகும் வழி பல இடங்களில் மண் பாதையே. ஆகவே ஒரே வண்டி காலையில் சேற்றில் ஏற வேண்டும். மாலையில் மூட்டைகளுடன் வழுக்கும் வளைவுகளில் இறங்கவும் வேண்டும்.

இத்தகைய வண்டி வைத்திருப்போரிடம், "லாக்கர் போட்டுவிட்டால் வண்டி எங்கும் சிக்காது" என்று சொல்வோர் உண்டு. அச்சொல்லில் பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் அச்சாதனத்தைப் பொருத்தினால் டயரும் அச்சுத்தண்டும் வீணாகும். மலைச்சாலையில் உயிருக்கே ஆபத்து நேரவும் கூடும். மலைவாழ் மக்களின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், சொந்தமாக ஜீப் வைத்திருக்கும் அங்கத்தினர்களும் இவ்விஷயத்தில் தெளிவு பெறுவது அவசியம்.

டிபரென்ஷியல் செய்யும் பணி

மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. ஆகவே வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் ஓடுவதில் தொல்லையில்லை. மோட்டார் வண்டியிலோ யந்திரத்தின் சக்தி அச்சின் வழியே சக்கரங்களுக்குச் செல்ல வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் ஏதாவது ஒரு சக்கரம் தேய்த்துக்கொண்டே போகும்.

எவ்வளவு தேயும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு பின்சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலம் என்று கொள்வோம். முழுக் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 4.7 மீட்டர் அதிகம் ஓடுகிறது. முக்கால் மீட்டர் விட்டமுள்ள டயருக்கு இது இரண்டு சுற்று. 70 வளைவுகளுக்கும் சேர்த்தால் சுமார் 330 மீட்டர். இவ்வேறுபாட்டைச் சரிக்கட்டும் பல்சக்கரத் தொகுதியே டிபரென்ஷியல். பிரெஞ்சு நாட்டு யந்திர நிபுணர் ஒனேசிபோர் பெக்கர் 1827-ஆம் ஆண்டில் இதை நீராவி வண்டிக்கென அமைத்தார்.

இதில் ஒரு குறை உண்டு. சாதாரண டிபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சம அளவான திருகு விசையையே தருகிறது. ஒரு சக்கரம் சேற்றில் நின்று 10 பங்கு விசையைத்தான் தாங்கும் என்றால், காய்ந்த தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் 80 பங்கு தாங்கக்கூடியதாயினும் அதற்கும் 10 பங்கே கிடைக்கும். மொத்தம் 20. வண்டி நகராது, சேற்றுச் சக்கரம் மட்டும் வீணே சுழலும். இரண்டையும் பூட்டிவிட்டால் 10-உம் 80-உம் சேர்ந்து 90 பங்கு கிடைக்கும். வண்டி ஏறிவிடும். பூட்டின் பயன் முழுவதும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

பூட்டுகளில் மூன்று வகை

முதல் வகையை நம் உழவர்கள் நன்கு அறிவார்கள். பல டிராக்டர்களில் ஓட்டுநரின் குதிகாலுக்கு அருகே இதற்கென ஒரு மிதி இருக்கிறது. சேற்று வயலில் ஒரு சக்கரம் சுழன்றால் அதை அழுத்துகிறோம். மேடேறியதும் காலை எடுக்கிறோம். பூட்டிய நிலையில் டிராக்டரைத் திருப்பக் கூடாது என்பதும் தெரிந்ததே. ஜீப் வகை வண்டிகளிலும் ஓட்டுநர் தம் விருப்பப்படி பூட்டும் அமைப்பு உண்டு. போர்ஸ் கூர்க்கா வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் இத்தகைய பூட்டு வந்துள்ளது. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் காற்றழுத்தத்தால் இயங்கும் பூட்டைச் செய்கிறது.

இரண்டாம் வகை, எப்போதும் பூட்டியே இருந்து வளைவில் மட்டும் தானே திறந்துகொள்வது. அமெரிக்காவில் 1940-களில் இராணுவ லாரிகளில் உபயோகப்பட்டு, பின்னர் டெட்ராய்ட் லாக்கர் என்று பிரசித்தி பெற்றது இவ்வகையே. சைக்கிளின் பிரீவீலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சங்கிலி சக்கரத்தைத் தள்ளும். ஆனால் சக்கரம் சங்கிலியைவிட வேகமாக ஓட விரும்பினால் தடையின்றி ஓடலாம். தறியில் துணி சுருட்டும் உருளையின் பல்சக்கரமும் அதைத் தடுக்கும் நாவும் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்து மறுபக்கம் பிடிப்பதை நெசவாளர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். இந்த லாக்கரில் இரு பக்கமும் இத்தகைய பற்கள் உண்டு. வேகமாக ஓடும் சக்கரத்தின் பற்கள் விலகிக்கொடுக்கும். யந்திர வேகத்துக்குக் குறைவாகச் சுழல எந்தச் சக்கரத்தையும் அது விடாது.

மூன்றாம் வகை, எப்போதும் திறந்தே இருந்து, சக்கரம் வீணே சுழலும்போது மட்டும் தானே பூட்டிக்கொள்வது. அமெரிக்காவின் ஈட்டன் நிறுவனம் இதை 1973-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கென வெளியிட்டது. இரு சக்கரங்களின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால், உள்ளேயிருக்கும் சிறு எடைகள் விரிந்து கொக்கியில் மாட்டிப் பூட்டைப் போடுகின்றன. வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோ மீட்டருக்கு மேற்பட்டால் கொக்கி விலகிவிடுவதால் பூட்டு விழாது. நம் நாட்டில் மகிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் 2015-ஆம் ஆண்டு முதல் பின் அச்சில் இது பொருத்தப்பட்டு வந்துள்ளது.

நாள்தோறும் நேர்வன

இரண்டாம் வகை லாக்கருடன் தினமும் வண்டி ஓட்டுவோர் முதலில் உணர்வது ஓசை. மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து 'கடக், கடக்' என்று கேட்கும். பற்கள் விலகிச் சேர்வதே காரணம், பழுதன்று. இதை அறியாமல் ஒவ்வோர் ஓசைக்கும் அச்சைக் கழற்றச் செய்வது வீண் செலவு. ஆனால் நேர்ச்சாலையில் ஓசை கேட்டாலோ, திருப்பத்தில் கேட்க வேண்டிய ஓசை நின்று டயர் கீச்சிட்டாலோ உடனே பரிசோதிக்க வேண்டும்.

அடுத்து உணர்வது தள்ளாட்டம். வளைவில் யந்திரம் தள்ளும்போது உள்சக்கரமே முழுப் பாரத்தையும் இழுக்கிறது. வெளிச்சக்கரம் விலகி ஓடுகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் யந்திரத்தின் தடை வெளிச்சக்கரத்துக்கு மாறிவிடுகிறது. இம்மாற்றம் நேரும் நொடியில் ஓர் அதிர்ச்சியும் வண்டியில் ஓர் அசைவும் உண்டாகும். வளைவின் நடுவில் கியர் மாற்றினால் இது இரண்டு முறை நேரும். நீளம் குறைந்த ஜீப்பில், அதுவும் கையால் கியர் மாற்றும் வண்டியில், இது மிகுதியாகத் தெரியும். நீண்ட லாரியில் அவ்வளவு தெரிவதில்லை.

மூன்றாவது டயர்ச் செலவு. சம அளவில்லாத டயர்களை இந்த லாக்கர் பொறுக்காது. ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் இருந்தால், சிறிய டயர் நேர்ச்சாலையிலும் வேகமாகச் சுழன்று விலகிக்கொள்ளும். பெரிய டயர் தனியே பாரத்தை இழுத்துத் தேயும். காற்றழுத்தம் வேறுபட்டாலும் இதே விளைவுதான். நான்கு டயர்களோடு ஸ்டெப்னியையும் முறைப்படி மாற்றி மாற்றி ஓட்டுவதே சிக்கனம்.

நான்காவது, அச்சுத்தண்டின் பாரம். சாதாரண டிபரென்ஷியலில் ஒரு தண்டுக்குப் பாதி விசையே போகும். பூட்டிய அச்சில் ஒரே தண்டு முழு விசையையும் ஏற்க நேரிடலாம். பழைய மெல்லிய தண்டுகள் இதனால் முறிவதுண்டு.

மூன்றாம் வகையில் இத்தொல்லைகள் மிகக் குறைவு. நல்ல சாலையில் அது இருப்பதே தெரியாது. ஆனால் சேற்றில் சக்கரம் சிறிது சுழன்ற பின்னரே பூட்டு விழும். மேலே சொன்ன அளவுள்ள டயரில் 100 சுற்று என்பது மணிக்கு 14 கிலோ மீட்டர் ஓட்டத்துக்குச் சமம். பொறுமையற்ற ஓட்டுநர் இதைவிடப் பன்மடங்கு வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் பூட்டு பலத்த அடியுடன் விழும். பற்களும் தண்டும் சேதமாகும். தாழ்ந்த கியரில் சீராக அழுத்திக் காத்திருந்தால் போதும்.

மழையும் மலைச்சாலையும்

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இதுவே. சாதாரண டிபரென்ஷியல் உள்ள வண்டி ஈரச்சாலையில் அதிக விசை பெற்றால் ஒரு சக்கரம் மட்டுமே சுழலும். சுழலாத மற்றச் சக்கரம் வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். பூட்டிய அச்சில் இரு சக்கரங்களும் ஒருசேரப் பிடியிழக்கின்றன. பிடியிழந்த டயருக்கு முன்னே தள்ளும் வலிமையும் பக்கவாட்டில் நிற்கும் வலிமையும் ஒன்றாகவே போய்விடும். வண்டியின் வால் சாலையின் தாழ்ந்த பக்கத்துக்குச் சரியும். மலையில் தாழ்ந்த பக்கம் என்பது பெரும்பாலும் பள்ளத்தாக்கின் பக்கமே.

சேற்றில் நம்மைக் காப்பாற்றும் அதே குணம் ஈர வளைவில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. லாக்கர் பொருத்தியதும் எங்கும் வேகமாகப் போகலாம் என்று நினைப்பவர் இதை மறந்துவிடுகிறார். லாக்கர் வண்டியை முன்னே செலுத்த உதவுமேயன்றி, நிறுத்த உதவாது. பிரேக்கின் வேலையை அது செய்யாது.

முன் அச்சிலும் தானியங்கி லாக்கர் பொருத்துவோர் உண்டு. முன்சக்கர ஹப்பைத் திறந்துவிட்டு இரு சக்கர ஓட்டத்தில் போகும்போது அதனால் தொல்லையில்லை. நான்கு சக்கர ஓட்டத்திலோ ஸ்டியரிங் மிகவும் கனக்கும். வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். சரக்கு ஏற்றி மலையேறும் சங்க வண்டிக்கு அது வேண்டாம்.

ஓட்டுநர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கியரையும் மாற்றிவிட வேண்டும். வளைவுக்குள் காலைச் சீராக வைத்திருக்க வேண்டும். திடீரென அழுத்துவதும் எடுப்பதும் கூடாது.

2. மழை நாளில் இறக்கத்தில் வழக்கமான வேகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

3. வாரம் ஒரு முறையேனும் டயர்களின் காற்றழுத்தத்தை அளந்து இரு பக்கமும் சமமாக்க வேண்டும்.

4. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு யந்திரத்தை ஓட்டிக் கியர் போடவே கூடாது. தரையிலிருக்கும் சக்கரத்துக்கும் விசை போவதால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

5. அச்சு எண்ணெயைத் தயாரிப்பாளர் குறித்த வகையிலேயே, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். கடைக்காரர் சொல்லும் கலவை மருந்துகளைச் சேர்க்கலாகாது.

6. புதிய ஓட்டுநர் முதலில் வெறும் வண்டியை, ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பழகிய பின்னரே மலையேற வேண்டும்.

சங்கம் முடிவு செய்யும்போது

முதலில், லாக்கர் உண்மையில் தேவையா என்று பார்க்க வேண்டும். நல்ல மண் பாதை டயர்களும், நான்கு சக்கர ஓட்டமும், வண்டியில் இரண்டு பலகைகளும் ஒரு மண்வெட்டியும் இருந்தால் பெரும்பாலான சேற்றுப் பள்ளங்களைக் கடந்துவிடலாம். ஒரு சக்கரம் சுழலும்போது கைப்பிரேக்கைச் சிறிது இழுத்துப் பிடித்தால் மற்றப் பின்சக்கரத்துக்கும் விசை போகும் என்பது பழைய ஓட்டுநர்கள் அறிந்த உபாயம். இவற்றுக்கான செலவு சொற்பம்.

அப்படியும் போதாதென்றால், வண்டியை ஓட்டுவது யார் என்ற கேள்வி எழுகிறது. சொந்த வண்டியைத் தாமே நாள்தோறும் ஓட்டும் அங்கத்தினர் அதன் குணத்தை ஒரு மாதத்தில் பழகிக்கொள்வார். இரண்டாம் வகை லாக்கரும் அவருக்குத் தீங்கு செய்யாது. சங்க வண்டியோ பல கைகளில் ஓடுவது. இன்று ஓட்டியவர் நாளை ஓட்டமாட்டார். பாரம் ஏற்றி, ஆட்களையும் ஏற்றி, தினமும் தார்ச்சாலை வளைவுகளில் இறங்கும் அவ்வண்டிக்கு ஓட்டுநர் தாமே போட்டு எடுக்கும் பூட்டோ, திறந்தே இருந்து தேவைப்படும்போது பூட்டும் மூன்றாம் வகையோதான் தக்கது. தயாரிப்பாளரே பொருத்தித் தரும் வண்டியை வாங்குவது மிகவும் உசிதம். வெளியில் பொருத்துவதாயின் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏ.பி.எஸ். போன்ற மின்னணுப் பிரேக் அமைப்புள்ள வண்டியானால், லாக்கர் அதனுடன் ஒத்துப்போகுமா என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்து மூலம் பெறுவது நல்லது.

நல்ல சாலையில் ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் ஓட வேண்டும். ஒன்று சேற்றில் சிக்கினால் மற்றது அதன் பாரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டும். கூட்டுறவு வாழ்வுக்கும் இதுவே விதி. எப்போது சேர்த்துக் கட்டுவது, எப்போது அவிழ்த்துவிடுவது என்று தெரிந்திருப்பதிலேயே பயன் இருக்கிறது. அடுத்த மழைக் காலத்துக்குமுன் வண்டி வாங்கவோ மாற்றியமைக்கவோ எண்ணும் சங்கங்கள், இவ்விஷயத்தை நிர்வாகக் குழுவில் வைக்கும்போது ஓட்டுநர்களையும் அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வார்களாக.