தேசப்படமும் வெண்ணிற ஓரமும்

பைத்தான் மொழியில் 'மேட்பிளாட்லிப்' என்னும் நிரல் தொகுப்பைக் கொண்டு வரையப்படும் தேசப்படங்களைச் சேமிக்குங்கால், அவற்றைச் சுற்றி வெண்ணிற ஓரம் அமைவதுண்டு. அச்சு எண்களுக்கு இடம் விடும் பொருட்டு, படத்தாளின் இடப்புறத்தில் எட்டில் ஒரு பங்கும் வலப்புறத்தில் பத்தில் ஒரு பங்கும் இயல்பாகவே ஒதுக்கப்படுகின்றன.

நூலில் அச்சிடும் படத்திற்கு இதனால் தீங்கில்லை. வேறொரு தேசப்படத்தின்மீது பொருத்தும் படத்திற்கோ இது பெரும்பிழை விளைவிக்கும். கிழக்குத் தீர்க்கரேகை 80 முதல் 100 பாகை வரையும், வட அட்சரேகை 5 முதல் 25 பாகை வரையும் உள்ள வங்கக் கடற்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஓரத்துடன் கூடிய படத்தின் இரு விளிம்புகளையும் 80, 100 பாகைகளில் பொருத்தினால், படத்திலுள்ள 80 பாகைக் கோடு 82.5 பாகையில் வந்து நிற்கும். 15 பாகை அட்சரேகையில் இவ்விலகல் சுமார் 270 கிலோமீட்டர் ஆகும். ஆந்திரக் கரையை நெருங்கிவிட்ட புயலும் நடுக்கடலில் நிற்பதாகத் தோன்றும்.

இதனைத் தவிர்க்கும் முறை எளிது. தாளின் அகலமும் உயரமும் பாகைகளின் விகிதத்தை ஒத்திருத்தல் வேண்டும். இங்கு 8 அங்குலச் சதுரம் பொருந்தும். வரைகளத்தை 0 முதல் 1 வரை தாள் முழுவதும் நிரப்பி, அச்சுக்கோடுகளை நீக்குதல் வேண்டும். அங்குலத்திற்கு 100 புள்ளிகள் எனச் சேமித்தால் பக்கத்திற்கு 800 புள்ளிகளும், பாகைக்கு 40 புள்ளிகளும் அமையும். ஓரத்தைப் பின்னர் வெட்டி நீக்கும் கட்டளையும் உண்டு; எனினும் அது படத்தின் அளவை மாற்றிவிடும் ஆதலின், முதலிலேயே ஓரமின்றி வரைதலே சிறந்ததாகும்.