'போரட்' படத்தில் சிரிப்புக்கு உள்ளானவர் யார்?

2006இல் வெளிவந்த 'போரட்' என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்தைப் பற்றி, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்பதுண்டு: "அது அமெரிக்கர்களைத்தானே கேலி செய்கிறது, இதில் நமக்கென்ன வருத்தம்?" குடும்பத்தோடு பார்க்கும் படமல்ல அது. ஆனாலும் கேள்வி நியாயமானது.

பிரிட்டன் நடிகர் சாஷா பாரன் கோஹன், கஜகஸ்தான் நாட்டுச் செய்தியாளராக வேடமிட்டு அமெரிக்காவைச் சுற்றி வருகிறார். அநாகரிகமாக நடக்கிறார், யூதர்களை வெறுத்துப் பேசுகிறார். அவர் சந்திப்பவர்களில் பலர் நடிகர்கள் அல்லர். வேடத்தை நம்பி, மனதில் கிடந்த துவேஷத்தைத் தாங்களும் கொட்டிவிடுகிறார்கள். கோஹன் ஒரு யூதர். அந்த வெறுப்பை அம்பலப்படுத்துவதே நோக்கம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அவர்கள் ஏன் நம்பினார்கள்? கஜகஸ்தானைப் பற்றி எதுவும் தெரியாததால்தான். பார்த்துச் சிரித்தவர்களுக்கும் தெரியாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு அது. தத்துவ மேதை ஃபாராபி பிறந்ததாகக் கருதப்படும் ஊர் அங்கேதான் இருக்கிறது. 1961இல் ககாரின் விண்ணுக்குப் புறப்பட்ட பைக்கனூரும் அங்கேதான். படத்தில் போரட் பேசும் 'கஜக் மொழி'யோ பெரும்பாலும் ஹீப்ரு!

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கும் இறைவசனம் (49:11), பரிகசிக்கப்படுபவர்கள் மேலானவர்களாக இருக்கலாம் என்கிறது. கேலி செய்பவனின் அறியாமையை அது சுட்டுவதாகவே நமக்குப் படுகிறது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் நாமும், சினிமாவில் 'நம்பள், நிம்பள்' என்று பேசும் பாயைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே.

2012இல் குவைத்தில் நடந்த துப்பாக்கி சுடும் போட்டியில் கஜகஸ்தான் வீராங்கனை தங்கம் வென்றார். பரிசு மேடையில் ஒலித்தது அவர் நாட்டுத் தேசிய கீதம் அல்ல, போரட் படத்தின் கேலிப் பாட்டு. தவறுதலாக நடந்ததுதான். ஆனாலும் அந்தப் பெண் மேடையில் நிற்க வேண்டியிருந்தது.

கஜகஸ்தான் அரசு முதலில் கொதித்தது, பிறகு சமாளித்துக்கொண்டது. போரட்டின் வாய்வார்த்தையான 'வெரி நைஸ்' என்பதையே 2020இல் சுற்றுலா விளம்பரமாக்கியது. ஓர் அரசாங்கத்தால் அது முடியும்.

போரட்டின் சொந்த ஊராகக் காட்டப்பட்டது ருமேனியாவின் க்ளோட் கிராமம். வறுமையில் வாழும் ரோமா மக்களின் ஊர். ஆவணப்படம் என்று சொல்லிப் படமெடுத்துவிட்டு, தங்களைக் குற்றவாளிகளாகவும் ஒழுக்கம் கெட்டவர்களாகவும் காட்டிவிட்டார்கள் என்று அவர்கள் புலம்பினார்கள். அவர்களில் இருவர் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். குற்றச்சாட்டுகள் தெளிவாக இல்லை என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.