பேட்டர்ன் இலவசம்; நூலும் நேரமும் யாருடையது?

குரோஷே பேட்டர்னை, அதாவது பின்னல் குறிப்பை, விற்பனைக்கு விடுமுன் சிலரிடம் கொடுத்துப் பின்னிப் பார்க்கச் சொல்வது வழக்கம். சம்பளம் கிடையாது. பேட்டர்ன் மட்டும் இலவசம். நூலைப் பெரும்பாலும் அவர்களே வாங்க வேண்டும்.

ஜார்ஜ்டவுனில் வேலை முடிந்து வந்து இரவில் பின்னுபவரிடம், பெரியவர் அணியும் மேலாடையை இரண்டே வாரத்தில் கேட்பது அநியாயம். ஆறு வாரமாவது வேண்டாமா? எத்தனை கிராம் நூல் பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குறிப்பில் பிழை இருந்தால் பிரித்துப் பின்ன வேண்டிவரும். ஒரு முறை சரி. அதற்கு மேல் என்றால் நூல் செலவை வடிவமைப்பாளர் ஏற்கட்டும். பிழையைச் சுட்டுவதுதான் சோதிப்பவர் வேலை. இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விளம்பரம் செய்வதற்குத் தனிச் சம்மதம் தேவை.

பின்னுபவருக்கும் கட்டுப்பாடு உண்டு: வெளிவராத பேட்டர்னைத் தோழிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது. முடிக்க இயலாவிட்டால் கெடு நாள்வரை காத்திராமல் சொல்லிவிடலாம்.