ஒரு பெட்டி, இருபது டெலிபோன்!

சாதாரணமாக ஒரு வீட்டுக்கு எத்தனை டெலிபோன் லைன் வேண்டும்? ஒன்று போதும். வீட்டோடு கடையும் வைத்திருந்தால் இரண்டு. சிகாகோவில் ராண்டி சூஸ் 20-க்கும் மேல் வாங்கிப் போட்டார்! அதில் ஒன்றுகூட பேசுவதற்கு இல்லை. ஒவ்வொரு லைனின் முனையிலும் ஒரு மோடம். அத்தனை மோடமும் போய்ச் சேருவது ஒரே யூனிக்ஸ் கம்ப்யூட்டரில். பெயர் ஷைநெட். 1980-களில் ஊர் ஜனங்கள் தத்தம் வீட்டிலிருந்து டயல் செய்து, இந்த ஒரு பெட்டிக்குள் ஒரே நேரத்தில் கூடி, கடிதம் போட்டுக்கொண்டு, யூஸ்நெட் விவாதக் குழுக்களின் வாக்குவாதங்களைப் படித்துக்கொண்டு கிடந்தார்கள்.

இதே ராண்டிதான் 1978 ஜனவரிப் பனிப்புயலில் ஊரே முடங்கியபோது, நண்பர் வார்ட் கிறிஸ்டென்சனோடு சேர்ந்து சிபிபிஎஸ் என்ற, டயல் செய்து சேரும் முதல் கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகையைக் கட்ட ஆரம்பித்தவர். பிப்ரவரி 16-ல் அது ஓடத் தொடங்கியது. வார்ட் இருந்தது புறநகரில், ராண்டி நகருக்குள்ளேயே. அதனால் பெட்டியை ராண்டி வீட்டில் வைத்தார்கள். சிகாகோக்காரர்களுக்கு உள்ளூர் கால் ஆயிற்றே! ஆனால் அதற்கு ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்ற எல்லோருக்கும் எங்கேஜ்டு டோன்தான். யூனிக்ஸ் வந்ததும் அந்த வரிசை உடைந்தது. எத்தனை பேரானாலும் வரட்டும் என்றது யூனிக்ஸ். பிறகு யார் சும்மா இருப்பார்கள்? லைன் மேல் லைன், மோடம் மேல் மோடம்!

அந்தக் காலத்தில் இப்படி வீட்டிலேயே யூனிக்ஸ் ஓட்டியவர்களின் பின்னறை எப்படி இருக்கும்? செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், காட்டுகிறேன். பார்த்து, காலில் வயர் மாட்டும். ஒவ்வொரு மோடமுக்கும் செங்கல்போல ஒரு அடாப்டர். ஒன்றைச் செருகினால் பக்கத்து பிளக் பாயின்ட்டையும் சேர்த்து மறைத்துவிடும். கம்ப்யூட்டரின் முதுகில் சீரியல் போர்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆகவே 8, 16 என்று போர்ட் உள்ள கார்டு. அதிலிருந்து ஆக்டோபஸ் கைபோல கேபிள்கள் கிளம்பும். அந்தக் கார்டுக்குள்ளேயே தனி பிராசஸர் இருந்தால் யோகம். ஏனென்றால் பழைய சீரியல் சிப் ஒவ்வொரு எழுத்து வரும்போதும் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பும். 9600 வேகத்தில் ஒரு லைனுக்கு நொடிக்கு 960 தட்டு. 16 லைனும் முழு வேகத்தில் ஓடினால் 15,000-ஐத் தாண்டும்! பின்னால் வந்த 16550ஏ சிப் 16 எழுத்துவரை சேர்த்து வைத்துக்கொள்ளும். அதைக் கண்டதும் இவர்கள் எப்படித் துள்ளியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

வெளியே சொல்வது ஒரே நம்பர். முதல் லைன் எங்கேஜ்டு என்றால் எக்ஸ்சேஞ்சே அடுத்ததற்குத் தள்ளிவிடும். இதோ, ரிங்! 48 வோல்ட்டில் சும்மா கிடந்த கம்பியில் 90 வோல்ட் துள்ளுகிறது. (அந்த நேரம் பார்த்து வயரைத் திருகிக்கொண்டிருந்தால் கை உதறும்.) மோடமுக்குள் ரிலே 'டிக்' என்கிறது. பிறகு அந்தக் கீச்சு. 300 பாட் மோடம் பதில் சொல்லும் சத்தம் 2225 ஹெர்ட்ஸ். எதிர்முனை மோடமும் குரல் கொடுத்ததும் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. லைன் கிடைத்துவிட்டது!

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு காவல்காரர் உண்டு. அந்தப் புரோகிராமின் பெயர் கெட்டி. நிஜமாகவே கெட்டிதான். அழைப்பு வரும்வரை உறங்கும், வந்ததும் 'லாகின்:' என்று கேட்கும். வேகம் பொருந்தாமல் திரையில் கிறுக்கலாக வந்தால் அழைத்தவர் பிரேக் கீயைத் தட்டுவார். கெட்டி 2400-லிருந்து 1200-க்கு இறங்கும். இன்னொரு தட்டு, 300. வந்தவர் வேலை முடித்துக் கிளம்பியதும் அதே லைனில் புதுசாக ஒரு கெட்டி வந்து உட்காரும். எனக்கு இந்தச் சின்ன புரோகிராமின் மேல் கொள்ளை ஆசை.

கோளாறு வந்தால்தான் முழுக் கூத்தும். சொன்னதைத் திருப்பிச் சொல்வது மோடமின் சுபாவம். செட்டிங் சரியில்லை என்றால், யாருமே அழைக்காத நடுராத்திரியில் கெட்டி 'லாகின்:' என்னும், மோடமும் அதையே திருப்பிச் சொல்லும். யாரோ பெயர் சொல்கிறார் என்று நம்பி கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்கும், அதுவும் எதிரொலிக்கும். விடிய விடிய இரண்டும் பேசித் தீர்க்க, மெஷின் திணறும். ஈ0, க்யூ1 என்று இரண்டு கட்டளை கொடுத்து மோடமின் வாயை அடைக்க வேண்டும்.

இன்னொன்று. வரிசையில் மூன்றாவது மோடம் உறைந்துபோய் ரிங்கை எடுக்கவில்லை என்று வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் எங்கேஜ்டு லைனைத்தான் தாண்டும், அடித்துக்கொண்டே இருக்கும் லைனைத் தாண்டாது. ஒரு மோடம் படுத்தால் பின்னால் இருக்கும் அத்தனையும் வீண்! சரிபார்க்கும்வரை அந்த லைனில் ஏடிஎச்1 என்ற கட்டளை கொடுத்து ரிசீவரை எடுத்து வைத்தமாதிரி ஆக்கிவிடுவார்கள். என்ன அழகான யோசனை!

எல்லாவற்றிலும் பயங்கரம், லைன் துண்டானது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போவது. அடுத்து அழைப்பவர் லாகினே இல்லாமல் முந்தைய ஆள் கட்டளை தட்டிக்கொண்டிருந்த ஷெல்லில் போய் இறங்குவார். கடிதம், கோப்பு எல்லாம் திறந்து கிடக்கும். அதனால்தான் ஏடி&சி1 போட்டு, லைன் போனால் மோடமும் 'லைன் இருக்கிறது' என்ற சிக்னலை இறக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அது இறங்கிய கணமே, 'போனை வைத்துவிட்டார்' என்று யூனிக்ஸ் அந்த ஷெல்லுக்கு ஒரு செய்தி அனுப்பும், ஷெல்லும் மூட்டை கட்டும். அந்தச் செய்தியின் பெயர் சிக்ஹப். ஹப் என்றால் ஹேங்அப்.

மோடமையே பார்த்திராத உங்கள் லினக்ஸ் லேப்டாப்பிலும் அது இருக்கிறது! டெர்மினலில் கில் கட்டளையோடு மைனஸ் எல் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். பட்டியலில் ஒன்றாம் நம்பரில் நிற்பது அதுதான்.